கொரியத் தொடரும் தமிழ் எழுத்தும்

புலம்பெயர்ந்த குடும்பத்திற்குள் தாய்மொழி நுழைவதற்கு வாயில்கள் இரண்டு. ஒன்று செவி, மற்றொன்று கண். செவி வழி நுழையும் தமிழைத் தாயும் தந்தையும் பாட்டனும் பாட்டியும் நாள்தோறும் ஊட்டி வருகின்றனர். கண் வழி நுழைய வேண்டிய தமிழை ஊட்டுவார் அரியர். இதன் விளைவைப் புனே நகரத் தமிழர் இல்லங்கள் பலவற்றிலும் காணலாம். ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய குடும்பமாயினும், ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்களை நம்பி நேற்று வந்திறங்கிய குடும்பமாயினும், பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுகின்றனர், தமிழ் படிப்பதில்லை. பள்ளியில் ஆங்கிலம் படிக்கின்றனர். தேவநாகரியில் மராத்தியும் இந்தியும் படிக்கின்றனர். மராத்தியை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கும் சட்டத்தை மகாராட்டிரம் 2020ஆம் ஆண்டில் இயற்றியது. அது குறை கூறத்தக்கதன்று. உண்ணும் சோறு விளைந்த மண்ணின் மொழியைக் கற்பது வந்து வாழ்வோரின் கடன். நம் குறை வேறு. மூன்று மொழிகளை எழுத்தோடு கற்கும் பிள்ளை, நான்காவதாகிய தன் தாய்மொழியை மட்டும் எழுத்தின்றிக் கற்கிறது என்பதே நம் குறை.

இந்நிலையில் நம் இல்லங்களுக்குள் ஐந்தாவதாக ஒரு மொழி வந்து அமர்ந்துவிட்டது. அதுதான் கொரியம். தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டு வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சி ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ முதலிய கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியபோது, இளையோர் அவற்றை விரும்பிப் பார்த்தனர். பின்னர் இணையவழித் திரைமேடைகள் பெருகின. பெருந்தொற்றுக் காலத்தில் வீடடைந்து கிடந்த குடும்பங்கள் கொரியத் தொடர்களைக் கண்டெடுத்தன. 2021 செப்டம்பரில் வெளிவந்த ‘ஸ்க்விட் கேம்’ உலகெங்கும் பரவியது. இன்று நம் பிள்ளைகள் கொரியக் குரலைக் கேட்டுக்கொண்டே திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துத் தொடர் தொடராகப் பார்க்கின்றனர். அவர்களுள் தம் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதத் தெரிந்தவரும் உளர். அதே பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் அவர் கை தயங்குகிறது.

இதுபற்றி நம்மிடையே மூவகைக் கருத்து உலவுகிறது. கொரியத் தொடர் நம் பண்பாட்டைக் கெடுக்கிறது, அதைத் தடுக்க வேண்டும் என்பது ஒன்று. கொரியரும் தமிழரும் ஒரு கொடி உறவினர், ஆகவே இது நம் வெற்றியே என்பது இரண்டு. தமிழ்க் குரலிலும் தொடர்கள் வருகின்றனவே, இனி என்ன குறை என்பது மூன்று. இம்மூன்றும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படா என்பதைக் காட்டி, செய்யத்தக்கது இன்னது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தடை என்னும் பேதைமை

முதல் கட்சியாரை முதலில் நோக்குவோம். ஒரு மொழியின் படங்களைத் தடை செய்தால் தம் மொழி தானே தழைக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. இந்தியாவிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. மணிப்பூரில் 2000ஆம் ஆண்டில் ஆயுதக் குழுவொன்று இந்திப் படங்களுக்குத் தடை விதித்தது. அரங்குகளில் இந்திப் படங்கள் நின்றன. உள்ளூர் மொழிப் படங்கள் வளர்ந்தன என்பது உண்மை. ஆனால் அவற்றோடு, எவரும் அழைக்காத விருந்தாளி ஒருவரும் உள்ளே நுழைந்தார். அரிராங் என்னும் கொரியத் தொலைக்காட்சியும் குறுந்தட்டுகளில் வந்த கொரியத் தொடர்களும் மணிப்பூர் இளைஞரின் உடையையும் தலைமுடி ஒப்பனையையும் பேச்சில் சில சொற்களையும் மாற்றின. ஒரு வாயிலை அடைத்தவர் மற்றொன்று திறப்பதைத் தடுக்க இயலவில்லை. கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் இக்காலத்தில் தந்தையின் அதட்டல் எந்த வாயிலை அடைக்கும்?

அன்றியும், பண்பாட்டுக்கு அஞ்சுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்த் தொலைக்காட்சிகளில் மாலை தொடங்கி நள்ளிரவு வரை ஓடும் நெடுந்தொடர்கள் நம் பண்பாட்டை வளர்க்கின்றனவா? மாமியார் மருமகளைப் பழி தீர்ப்பதும், பாலில் நஞ்சு கலப்பதும், இறந்தவர் மீண்டு வருவதும் ஆயிரம் பகுதிகள் நீண்டாலும் முடிவதில்லை. கொரியத் தொடர்களில் பெரும்பாலானவை 16 அல்லது 20 பகுதிகளில் முடிந்துவிடுகின்றன. தொடக்கமும் நடுவும் முடிவும் உடைய கதை அது. 2015ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய ‘ரிப்ளை 1988’ என்னும் தொடர், சியோல் நகரின் ஒரு சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதையை 20 பகுதிகளில் சொல்லி முடித்தது. ஒரு வீட்டில் சமைத்த பொரியல் அண்டை வீடு நான்குக்கும் கிண்ணத்தில் போகிறது. வெறுங்கிண்ணமாகத் திரும்பாமல் வேறொரு பண்டத்தோடு மீள்கிறது. இதைக் கண்டு கெடும் பண்பாடு எதுவோ நாம் அறியோம். கொரியத் தொடர்களிலும் பணக்கார நாயகனும் ஏழை நாயகியும் திரும்பத் திரும்ப வருவர்; வன்முறையும் உண்டு. தேர்ந்தெடுத்துப் பார்க்கக் கற்பிப்பது பெற்றோர் பொறுப்பு. தேர்வு வேறு; தடை வேறு.

உறவு என்னும் மயக்கம்

இரண்டாம் கட்சியார் நம்மை மகிழ்விப்பவர். ஆதலின் அவரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கொரியரும் ‘அப்பா’ என்கின்றனர், தாயை ‘ஓம்மா’ என்கின்றனர், ஆகவே கொரியம் தமிழின் கிளை என்று மேடைதோறும் முழங்குகின்றனர். இவ்வெண்ணம் புதியதன்று. கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கராகிய ஓமர் ஹல்பர்ட், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ஆம் ஆண்டில் ஓர் ஒப்பிலக்கண நூல் வெளியிட்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. இன்றைய மொழியியலார் பெரும்பான்மையோர் கொரியத்தைத் தனிக் குடும்பமாகவே கொள்கின்றனர். திராவிட உறவை ஏற்பதில்லை. குழந்தையின் இதழ் கூடிப் பிரியும்போது தோன்றும் ப, ம ஒலிகள் பெற்றோரைக் குறிக்கும் சொற்களாவது உலக மொழிகள் பலவற்றிற்கும் பொது. அதைக் கொண்டு குருதி உறவு நாட்டுதல் ஆய்வாகாது.

இளவரசியின் கதையும் இத்தகையதே. 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சாம்குக் யூசா’ என்னும் கொரிய நூல், ‘ஆயுதா’ என்ற நாட்டிலிருந்து ஹோ ஹ்வாங்-ஓக் என்னும் இளவரசி கடல் கடந்து வந்து கயா நாட்டு மன்னனை மணந்ததாகக் கூறுகிறது. அவ்வூர் அயோத்தி என்று கொண்டு 2001ஆம் ஆண்டில் அயோத்தியில் நினைவிடம் எழுப்பப்பட்டது. அவள் தென்னாட்டுப் பெண் என்று தமிழர் சிலர் உரிமை கொண்டாடுகின்றனர். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிற்பட்டு எழுதப்பட்ட ஒரு கதையைக் கொண்டு எவர் உரிமையும் நிலைபெறாது.

இவ்வுறவுப் பேச்சில் பொய் மட்டுமா உள்ளது? சோம்பலும் உள்ளது. கொரியர் தம் மொழிக்கு உழைத்து ஈட்டிய புகழில் உழைக்காமலே பங்கு கேட்பது அது. நம் பிள்ளை தமிழ் படிக்கவில்லையே என்ற கவலையை, கொரியமும் தமிழ்தானே என்ற பொய்யால் ஆற்றிக்கொள்வது அது. கொரியரிடமிருந்து நாம் கொள்ள வேண்டியது உறவு முறையன்று, உழைப்பு முறை.

அவ்வுழைப்புக்கு ஒரு தொடரே சான்று. ‘வேராழ்ந்த மரம்’ என்று பொருள்படும் பெயருடைய தொடரொன்றை எஸ்பிஎஸ் தொலைக்காட்சி 2011ஆம் ஆண்டில் 24 பகுதிகளாக ஒளிபரப்பியது. அதன் கதைப் பொருள் யாது? எழுத்து. சீன எழுத்து கற்க இயலாத எளிய மக்களுக்காக செஜோங் மன்னர் 1443ஆம் ஆண்டில் 28 எழுத்துகளைப் படைத்து, 1446ஆம் ஆண்டில் அவற்றை நாட்டுக்கு அறிவித்தார். கற்றறிந்த பெருமக்கள் அதை எதிர்த்தனர். எழுத்து எளிதானால் தம் மேன்மை போய்விடும் என்பது அவருள் பலரின் அச்சம். இவ்வரலாற்றைக் கொலையும் மர்மமும் கலந்த கற்பனைக் கதையாக்கி, பொதுமக்கள் இரவுதோறும் விரும்பிப் பார்க்கும் தொடராகச் செய்தனர். பின்னர் சப்பானியர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கொரிய மொழி பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டதையும், அகராதி தொகுத்த அறிஞர்கள் 1942ஆம் ஆண்டில் சிறைப்பட்டதையும் அந்நாடு மறக்கவில்லை. தென் கொரியாவில் அக்டோபர் 9 எழுத்து நாளாகக் கொண்டாடப்படுகிறது. கீழடிப் பானையோடுகளில் எழுத்தைக் கண்டு பெருமிதம் கொள்ளும் நாம், நம் எழுத்தின் கதையை 24 இரவுகள் சொல்லத் துணியும் தயாரிப்பாளர் ஒருவரையேனும் இன்று சுட்ட முடியுமா?

குரல் மட்டும் போதுமா?

இனி மூன்றாம் கட்சி. டப்பிங் எனப்படும் குரல்மாற்றத்தால் தமிழ் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பார் இவர். கண்பார்வை குன்றிய முதியோர்க்கும் எழுத்தறியாதோர்க்கும் குரல்மாற்றம் பெருந்துணை. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைக்கு அது தருவது என்ன? செவியில் ஏற்கனவே உள்ள தமிழையே மீண்டும் செவிக்குத் தருகிறது. இல்லாத இடமாகிய கண்ணுக்கு ஒன்றும் தருவதில்லை. பசித்த வயிற்றுக்கு ஊட்டாமல் உண்ட வாய்க்கே ஊட்டும் விருந்து இது.

திரையடியில் ஓடும் வரிகளைச் சப்டைட்டில் என்று எல்லாரும் சொல்கின்றனர். அவற்றை இங்கு அடிவரி என்போம். ஐரோப்பாவில் செருமனி, இத்தாலி, இசுபெயின் ஆகிய நாடுகள் அயல்மொழிப் படங்களைக் குரல்மாற்றியே காட்டும் வழக்கமுடையன. சுவீடன், பின்லாந்து, நெதர்லாந்து ஆகியவை அயல்குரலை அப்படியே விட்டுத் தம் மொழியில் அடிவரி இடுவன. இரண்டாம் வகை நாட்டுப் பிள்ளை தொலைக்காட்சி பார்க்கும் நேரமெல்லாம் அயல்மொழியைக் கேட்கிறது, தாய்மொழியைப் படிக்கிறது. நம் பிள்ளையோ அயல்மொழியைக் கேட்டு மற்றோர் அயல்மொழியைப் படிக்கிறது. ஒருமணி நேரப் பகுதியொன்றில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடுகின்றன. ஒருவரும் கட்டாயப்படுத்தாமல், தேர்வுமின்றி, அப்பிள்ளை அத்தனையும் விரைந்து படிக்கிறது. இன்றைய பிள்ளைகள் படிப்பதில்லை என்று புலம்புவோர் இதைக் காண வேண்டும். வீட்டின் நடுக்கூடத்தில் இரவுதோறும் படிப்பு நடக்கிறது. அப்படிப்பில் தமிழுக்கு இடமில்லை.

தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை தமிழ் அடிவரியை எவ்வாறு படிக்கும் என்று வினவலாம். நேரிய வினா இது. விடை இந்தியாவிலேயே உள்ளது. அகமதாபாத்து இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சார்ந்த பிரிஜ் கோத்தாரி 1996ஆம் ஆண்டில் ஒரு முறையை முன்வைத்தார். பாட்டு எம்மொழியில் ஒலிக்கிறதோ அம்மொழியிலேயே அதன் வரிகளைத் திரையடியில் காட்டுவது அம்முறை. 1999ஆம் ஆண்டில் தூர்தர்ஷனின் குசராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. அறிந்த பாட்டின் ஒலியைச் செவி கேட்க, அதே நொடியில் அவ்வொலியின் எழுத்தைக் கண் காண்கிறது. அரைகுறையாக எழுத்தறிந்தவர் முயலாமலே படிக்கப் பழகுகின்றனர்.

நம் பிள்ளைகளின் நிலை இதற்கெனவே அமைந்தது. செவித் தமிழ் அவர்களிடம் உண்டு, எழுத்துத்தான் இல்லை. ஆகவே இரு படிகள் போதும். முதற்படி: தமிழ்க் குரலில் வரும் கொரியத் தொடருக்குத் தமிழிலேயே அடிவரி. பிள்ளைக்குப் பொருள் செவி வழி விளங்கிவிடும். கண் எழுத்தோடு விளையாடும். நெடுங்கணக்கை ஓரளவு அறிமுகம் செய்து வைத்தால் மீதியைத் தொடரே கற்பிக்கும். இரண்டாம் படி: கொரியக் குரலுக்குத் தமிழ் அடிவரி. முன்னது படிக்கப் பழக்கும். பின்னது படிக்க வைக்கும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகுமே என்று வணிகர் கூறலாம். தமிழ்க் குரல் கொடுக்கும் ஒவ்வொரு தொடருக்கும் வசனம் முழுவதும் முன்னரே தமிழில் எழுதப்பட்டுள்ளது. எழுதாமல் எவரும் பேசுவதில்லை. இருக்கும் எழுத்தைத் திரை நேரத்திற்கேற்பப் பகுத்து இடுவது, பலரை அமர்த்திக் குரல் பதிவதைக் காட்டிலும் எளிது, மலிவு. ஆயினும் தமிழ்க் குரல் கிடைக்கும் அளவுக்குத் தமிழ் அடிவரி கிடைப்பதில்லை. இதன் பொருள் என்ன? தமிழனைக் கேட்பவனாக மட்டும் சந்தை எண்ணுகிறது, படிப்பவனாக எண்ணவில்லை. இவ்விழிவை நாம் உணராமலிருப்பது அதனினும் பெரிய இழிவு.

ஆங்கில வரி விழுங்குவன

ஆங்கில அடிவரி போதுமே, பொருள் விளங்குகிறதே என்போரும் உளர். விளங்குகிறதா என்று பார்ப்போம். ‘ஸ்க்விட் கேம்’ தொடரில் அலி அப்துல் என்னும் பாத்திரம் உண்டு. பிழைக்க வந்த பாகிசுதானியத் தொழிலாளி, விரல்களை இழந்தவன், முதலாளி கூலியை நிறுத்தி வைத்ததால் வறுமையில் வீழ்ந்தவன். அப்பாத்திரத்தை ஏற்றவர் தில்லியிலிருந்து சென்று கொரியாவில் நடிப்புப் பயின்ற அனுபம் திரிபாதி. தன்னோடு ஆட்டத்தில் சிக்கிய சாங்-வூ என்னும் படித்த கொரியனை அலி ‘சாஜாங்-நிம்’ என விளிக்கிறான். தொழில் நடத்தும் முதலாளியைப் பணிவோடு அழைக்கும் சொல் அது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு எல்லாரும் முதலாளிகளே. சாங்-வூ ஒருநாள், தன்னை ‘ஹ்யோங்’ என்று அழைக்கச் சொல்கிறான். ஆண்மகன் தன் மூத்த உடன்பிறப்பை அழைக்கும் சொல் அது. அந்த ‘அண்ணன்’தான் பின்னர் அலியை வஞ்சித்துச் சாகக் கொடுக்கிறான்.

முதலாளி என்ற விளி அண்ணனாக மாறிய இடத்திலேயே அவ்வஞ்சகத்தின் கொடுமை முழுதும் அடங்கியுள்ளது. அண்ணன் என்று எவரையும் அழைத்தறியாத ஆங்கிலத்தில் இதைக் காட்ட வழியில்லை. இத்தொடரின் ஆங்கில வரிகள் மூலத்தின் பொருளை இழந்தன என்று கொரியம் அறிந்தோர் அவ்வாண்டே வெளிப்படையாகக் குறை கூறினர். தமிழிலோ ‘ஐயா’ என்பது ‘அண்ணே’ என்று மாறினால் போதும். பத்து வயதுப் பிள்ளைக்கும் நெஞ்சு பதைக்கும். பிழைக்க வந்த ஊரில் ஒருவரை அண்ணே என்று அழைப்பதன் அருமை புலம்பெயர்ந்த நமக்குத் தெரியாததா?

இன்னும் சில காண்க. கொரியத்தில் பணிவுப் பேச்சும் உரிமைப் பேச்சும் வினைமுற்றிலேயே வேறுபடும். காதலர் இருவர் ஒருநாள் பணிவை விட்டு உரிமைக்கு மாறினால், அது கதையில் ஒரு நிகழ்ச்சி. ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ‘நீங்கள்’ ‘நீ’யாவதைத் தமிழ் ஓரெழுத்தில் காட்டும். பெண் தன் மூத்த உடன்பிறப்பை ‘ஓப்பா’ என்பாள். காதலனையும் அவ்வாறே அழைப்பாள். ஆங்கில வரி திகைத்து அவன் பெயரை எழுதிவிடும். உறவுச் சொல்லாலேயே காதலனை விளிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ‘அத்தான்’ என்றும் ‘மாமா’ என்றும் இடமறிந்து எழுதலாம். கொரியர் ‘என் வீடு’, ‘என் தாய்’ என்னாது ‘எங்கள் வீடு’, ‘எங்கள் தாய்’ என்பர், நாமும் அவ்வாறே. அவர் நலம் வினவுவது ‘சாப்பிட்டாயா?’ என்றே, நாமும் அவ்வாறே. எல்லாவற்றிலும் மேலாக, கொரிய வாக்கியத்தில் வினை இறுதியில் வரும், தமிழிலும் அப்படியே. கொலையாளி யார் என்பதைச் சொல்லவரும் பாத்திரம் கடைசிச் சொல்வரை நிறுத்திவைக்கும் மறைபொருளை ஆங்கில வரி முன்னதாகவே உடைத்துவிடும். தமிழ் வரி கடைசிச் சொல்வரை காத்து நிற்கும்.

இவை குருதி உறவுக்குச் சான்றல்ல; அமைப்பு ஒப்புமைகள் மட்டுமே. ஆனால் மொழிபெயர்ப்புக்கு இவையே போதும். கொரியத் தொடரை ஆங்கிலத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை, தன் வீட்டிலேயே நல்ல கண்ணாடி இருக்க மங்கிய கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்க்கிறது என்க. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினாலும் இக்குறை தீராது. கொரியத்திலிருந்தே நேராகத் தமிழாக்க வேண்டும். அடிவரிக்கு இடம் குறைவு. இரண்டு அடிகளுக்கு மேல் இடுவதில்லை. சில நொடிகளே நிற்கும். சொல்நீளம் மிகுந்த தமிழுக்கு இது ஒவ்வாது என்பாரும் உண்டு. இரண்டே அடியில், ஏழே சீரில் 1330 முறை வென்று காட்டிய மொழிக்கு இக்குறை கூறுவது பொருந்தாது.

தஞ்சை தரும் பாடம்

எழுத்தில்லாமல் பேச்சு மட்டும் வாழாதா என்று கேட்போர்க்குப் புனேயில் இருந்துகொண்டே காட்டத்தக்க சான்று ஒன்றுண்டு. நாம் தெற்கிலிருந்து இங்கு வந்தது போல, 17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து தெற்கே சென்ற மராத்தியர் தஞ்சையில் குடியமர்ந்தனர். ஏகோசி தொடங்கிய அவ்வாட்சி 1855 வரை நீடித்தது. இரண்டாம் சரபோசி மன்னர் 1803ஆம் ஆண்டில் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் மராத்தியில் பொறித்து வைத்தார். சரசுவதி மகால் நூலகத்தில் மோடி எழுத்தில் எழுதிய ஆவணங்கள் கட்டுக் கட்டாக உள்ளன.

அம்மக்களின் வழிவந்தோர் இன்றும் தம் வீடுகளில் மராத்தி பேசுகின்றனர். முந்நூறு ஆண்டுகள் பேச்சைக் காத்தது வணங்கத்தக்க செயல். ஆனால் அவருள் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. எழுத நேர்ந்தால் தமிழ் எழுத்தில் எழுதுவர். தம் முன்னோர் கோயிற் சுவரில் தமக்கெனப் பொறித்து வைத்த வரலாற்றைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கும் நிலை. மோடி ஆவணங்களைப் படிக்கவல்லார் மிகச் சிலரே. அம்மொழி அடுக்களையில் வாழ்கிறது. நூலகத்தில் ஊமையாய் நிற்கிறது. நம் பேரப் பிள்ளைகள் தமிழைப் பொறுத்தவரை இந்நிலை எய்துவதற்கு முந்நூறு ஆண்டுகள் வேண்டா. இரண்டு தலைமுறை போதும்.

புலம்பெயர்ந்த கொரியரின் கதையும் இதையே சொல்கிறது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பச்சிங்கோ’ என்னும் தொடர், சப்பானின் ஒசாகா நகருக்குப் பிழைக்கச் சென்ற கொரியக் குடும்பமொன்றின் தலைமுறைகளைக் காட்டுகிறது. அதன் அடிவரிகளில் கொரியப் பேச்சு மஞ்சளிலும் சப்பானியப் பேச்சு நீலத்திலும் தோன்றும். பாட்டி மஞ்சளில் பேச, பேரன் விடை ஒரே வரியில் பாதி மஞ்சளும் பாதி நீலமுமாக வருவதுண்டு. நம் வீட்டுப் பேச்சுக்கும் அவ்வாறு வண்ணம் தீட்டினால், தமிழுக்குரிய வண்ணம் ஆண்டுக்காண்டு எவ்வளவு குறைகிறது என்பது தெரியும்.

செய்யத்தக்கவை

பழித்துரைத்து முடிப்பது எளிது. வழி கூறாது முடிப்பது முறையன்று.

திரைமேடைகளிடம் நாம் கேட்க வேண்டியது, தமிழ்க் குரல் உள்ள ஒவ்வொரு தொடருக்கும் தமிழ் அடிவரி. இது சலுகையன்று. செவிக் குறையுடையோர்க்கு மின்னணு ஊடகங்களில் அடிவரி கிடைக்க வழி செய்ய வேண்டுமென்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. தொலைக்காட்சிகளுக்கான நெறிமுறையை நடுவணரசு 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. செவி கேளாத தமிழர்க்கு உரியதைக் கேட்டால் எழுத்தறியாத தமிழ்ப் பிள்ளைக்கும் அது உதவும். ஒருவர் இருவர் கேட்டால் சந்தை செவிசாய்க்காது. புனேயும் மும்பையும் பெங்களூரும் தில்லியும் சிங்கப்பூரும் சேர்ந்து தமிழ்ச் சங்கங்களின் பெயரால் கேட்க வேண்டும்.

கொரியம் கற்கும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டா, ஊக்குவிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் கொரியத்தையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. 1990களில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கிய ஹூண்டாய் நிறுவனம் புனேக்கு அருகிலுள்ள தளேகாவ் ஆலையை வாங்க 2023ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்தது. எல்ஜி ஆலை ரஞ்சன்காவில் உள்ளது. கொரியம் அறிந்த தமிழர்க்கு வேலை உண்டு. அவர்களுக்கு நாம் விதிக்கும் கட்டளை ஒன்றே: கொரியம் கற்றவர் அதைத் தமிழில் எழுதவும் வல்லவராக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பிறக்கும் இடம் அதுவே.

நம் சங்கம் வாரத்தில் ஒருமணி நேரம் ஒதுக்கட்டும். நெடுங்கணக்கை ஒப்பிக்கும் வகுப்புக்கு வராத பிள்ளையும் தொடர் காட்டும் வகுப்புக்கு வரும். தமிழ் அடிவரியோடு கூடிய படமோ தொடரோ எதுவாயினும் காட்டி, வரிகளை உரக்கப் படிக்கச் செய்வோம். ஒரு காட்சிக்குரிய கொரிய வசனத்தின் பொருளைச் சொல்லி, அதற்குத் தமிழ் வரி இரண்டு எழுதச் சொல்லிப் போட்டி வைப்போம். ஆண்டு விழாவில் ஆடலுக்கும் பாடலுக்கும் தரும் பரிசில் ஒரு பங்கை அதற்குத் தருவோம். வீட்டிலும் பெற்றோர் பிள்ளையோடு அமர்ந்து பார்க்கட்டும். ‘ஹ்யோங்’ என்பதைத் தமிழில் எவ்வாறு எழுதுவாய் என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை எழுதுகோலைக் கையில் எடுத்தே தீர வேண்டும்.

கொரியத் தொடர் நம் பகையன்று, சுற்றமுமன்று. தன் மொழியில் தலை நிமிர்ந்து பேசியபடி நம் வீட்டுக்கு வந்த விருந்தினர் அது. விருந்தினர் சொல்வதைத் தமிழில் எழுதிப் படிக்கவும் வல்ல பிள்ளைகளை வளர்ப்பது நம் பொறுப்பு. பாட்டியின் பேச்சை மட்டுமன்றி அவள் எழுதிய கடிதத்தையும் அப்பிள்ளைகள் படிக்கும் நாளே புலம்பெயர்ந்த மண்ணில் தமிழ் இரண்டு வாயிலாலும் வாழும் நாள். வாழ்க தமிழ்!